லிவர்பூல் கிடங்குகளுக்கு ஏன் இத்தனை தடித்த தூண்கள்?

கேள்வி இதுதான்: "லிவர்பூலில் ஆல்பர்ட் டாக் என்ற இடத்தின் படங்களைப் பார்த்தேன். தண்ணீரைச் சுற்றி ஐந்து மாடிச் செங்கல் கட்டடங்கள், கீழே ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அளவுக்கு இரும்புத் தூண்கள். சரக்கு வைக்கும் கிடங்குக்கு எதற்கு இவ்வளவு? விக்டோரியா காலத்து ஆடம்பரமா? இவை எப்படி இன்னும் நிற்கின்றன?"

ஆடம்பரம் கொஞ்சம் உண்டு, ஆனால் அது காரணம் இல்லை. பயம்தான் காரணம். முதலில் நெருப்புப் பயம், அடுத்து திருட்டுப் பயம். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் அந்தத் தூண்களும் சுவர்களும் இரும்புக் கூரையும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது புரிந்துவிடும். இன்னும் எப்படி நிற்கின்றன என்ற கேள்விக்கான பதில் கொஞ்சம் வேடிக்கையானது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சில நாட்களில் 10 மீட்டர் வரை போகும். காலையில் மிதக்கும் கப்பல் மதியம் சேற்றில் உட்கார்ந்துவிடும். இதற்கு லிவர்பூல் கண்ட வழி, கரையோரம் கதவு போட்ட பெரிய குளம் ஒன்றை வெட்டுவது. ஏற்றத்தின்போது கதவைத் திறந்து கப்பலை உள்ளே விட்டு, தண்ணீர் இறங்கும் முன் மூடிவிடுவார்கள். அங்கே டாக் என்று சொல்வது இந்தக் குளத்தைத்தான். தாமஸ் ஸ்டியர்ஸ் என்பவர் அமைத்த முதல் டாக் 1715இல் திறந்தது. வணிகக் கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்கவென்றே கட்டிய டாக்குகளில் உலகிலேயே இதுதான் முதலாவது என்பார்கள். 1826இல் அதைத் தூர்த்துவிட்டார்கள். அதன் சுவரின் ஒரு பகுதி இப்போது ஒரு பெரிய கடைவளாகத்துக்கு அடியில் இருக்கிறது.

குளம் வந்தது, ஆனால் கிடங்கு குளத்தங்கரையில் இல்லை. வணிகர்கள் தங்கள் வீட்டுக்குப் பின்னாலும் நகரத்துச் சந்துகளிலும் உயரமான, குறுகலான கிடங்குகளைக் கட்டிவைத்திருந்தார்கள். கப்பலிலிருந்து இறங்கிய சரக்கு திறந்த துறையிலேயே மழையில் கிடக்கும். சுங்க அதிகாரி வந்து பார்த்த பிறகு வண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோவார்கள். வழியில் ஒரு மூட்டை எட்டு இடத்தில் கிழியும். அந்தக் காலத்துத் துறைமுகங்களில் சில்லறைத் திருட்டு கிட்டத்தட்ட ஒரு தொழிலாகவே நடந்தது.

அப்புறம் நெருப்பு. இந்தச் சந்துக் கிடங்குகளுக்கு மரத் தளம், மர உத்தரம், மரப்படி. உள்ளே பஞ்சு, சர்க்கரை, சாராயம், தார், எண்ணெய். விளக்கோ திரிவிளக்கு. 1802இல் துறைமுகத்துக்கு எதிரே இருந்த கோரீ கிடங்குகள் எரிந்தன. 1842 செப்டம்பரில் ஃபார்ம்பி தெரு வட்டாரத்தில் பிடித்த தீ அதைவிடப் பெரியது. உயிர்கள் போயின, தெருத் தெருவாகக் கிடங்குகள் போயின, காப்பீட்டு நிறுவனங்கள் பெரும் தொகையை இழந்தன. மறு ஆண்டே லிவர்பூலுக்கென்று தனியாக ஒரு தீத்தடுப்புச் சட்டம் வந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், சட்டத்தைவிடக் காப்பீட்டுக் கட்டணம்தான் அதிகம் சாதித்தது என்பது. தடித்த சுவர், இரும்புக் கதவு, தீ ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவாமல் மேலே எழுப்பிய தடுப்புச்சுவர் ஆகியவற்றோடு கட்டியவர்களுக்குக் கட்டணம் குறைந்தது. பழைய மாதிரியே விட்டவர்களுக்கு ஏறியது. காசு கையைக் கடித்ததும் எல்லாரும் கொத்தனாரைக் கூப்பிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் ஜெஸ்ஸி ஹார்ட்லி வருகிறார். யார்க்‌ஷயர்க்காரர், பாலம் கட்டும் குடும்பம், கல்தச்சுப் பழக்கம். 1824இல் லிவர்பூல் டாக்குகளின் பொறுப்பை அவரிடம் கொடுத்தபோது அவருக்கு டாக் கட்டிய அனுபவம் கிடையாது. 1860இல் இறக்கும்வரை 36 ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார். ஸ்காட்லாந்தில் கிரானைட் குவாரி ஒன்றைத் துறைமுகத்துக்காகவே நடத்தி, கல்லைக் கப்பலில் வரவழைத்தார். அவர் கட்டிய துறைச் சுவர்களைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். கற்கள் ஒரே அளவில் இருக்காது. பெரிய கல்லுக்குப் பக்கத்தில் கோணல் கல், அதன் இடுக்கில் சின்னக் கல் என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒழுங்காக வெட்டினால் கிரானைட் வீணாகும், கூலியும் ஏறும். கோணலாகவே பொருத்தினால் கல் மிச்சம், பிடிப்பும் அதிகம். பார்க்க முரட்டுத்தனம், கணக்குப் பார்த்தால் சிக்கனம். இதனால்தான் ஆடம்பரம் என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை.

1828இல் லண்டனில் திறந்த செயின்ட் கேத்தரின் டாக் ஒரு புதிய வழியைக் காட்டியிருந்தது. அங்கே கிடங்கு தண்ணீரின் விளிம்பிலேயே நின்றது. கப்பலிலிருந்து தூக்கினால் நேராகக் கிடங்குக்குள் போய்விடும். லிவர்பூலும் அதைச் செய்ய நினைத்தது. ஆனால் எதிர்ப்பு வந்தது, அதுவும் ஊருக்குள்ளிருந்தே. சந்துக் கிடங்குகளின் சொந்தக்காரர்களுக்கு வாடகை வருமானம் போய்விடும், நகர மன்றத்திலும் அவர்களுக்குச் செல்வாக்கு உண்டு. ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து, 1841இல்தான் நாடாளுமன்ற அனுமதி கிடைத்தது.

ஹார்ட்லி உடனே கட்டத் தொடங்கவில்லை, முதலில் எரித்துப் பார்த்தார். 1843இல், 18 அடிக்கு 10 அடி அளவில் ஒரு மாதிரிக் கட்டடத்தை எழுப்பி, உள்ளே மரத்தையும் தாரையும் அடைத்துத் தீவைத்தார். பல வகைத் தளங்களை இப்படிச் சோதித்த பிறகு மரத்தைக் கட்டமைப்பிலிருந்தே நீக்கிவிட்டார். சுவருக்குச் செங்கல், தூணுக்கும் உத்தரத்துக்கும் வார்ப்பிரும்பு, உத்தரங்களுக்கு நடுவே செங்கல் வளைவு. நம் ஊர்ப் பழைய அரசுக் கட்டடங்களில் அண்ணாந்து பார்த்தால் இரும்பு உத்தரங்களுக்கு இடையே சின்னச் சின்னச் செங்கல் வளைவுகள் வரிசையாகத் தெரியுமே, அதே குடும்பம்தான். வளைவு பக்கவாட்டில் தள்ளும். அதைப் பிடித்து நிறுத்தத் தேனிரும்புக் கம்பிகள் குறுக்கே போகும். கூரைக்குக்கூட ஓடு வேயவில்லை. துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று தறைந்து, தகடே தன்னைத் தாங்கிக்கொள்ளும்படி செய்தார்.

இரும்புச் சட்டகம் வைத்துக் கட்டுவது அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. 1797இல் ஷ்ரூஸ்பரியில் சார்ல்ஸ் பேஜ் ஒரு நூற்பாலையை அப்படிக் கட்டிவிட்டார். பஞ்சுத்தூளும் எண்ணெயும் சேர்ந்து ஆலைகள் எரிந்ததால் அந்த வழி அங்கே பிறந்தது. ஹார்ட்லி அதைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, ஒரு முழு டாக்கைச் சுற்றிலும் அந்த அளவில் செய்து காட்டினார்.

கீழ்த்தளத் தூண்கள் கேள்வியில் வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். அவை சுமார் 15 அடி உயரம், சுற்றளவு 12 அடிக்கும் மேல். பழைய கிரேக்கக் கோயில் தூண் சாயலில் வார்த்த இரும்பு. மேலே நாலு மாடிச் சரக்கும் செங்கலும் அவற்றின் தலையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. தூண்களுக்குப் பின்னால் தரைத்தளம் திறந்து கிடக்கிறது. கப்பலிலிருந்து இறக்கியதை மழைபடாமல் அங்கே வைத்து எடைபோட்டு, தரம் பார்த்து, மேலே அனுப்புவார்கள். நடுநடுவே தூண்கள் விலகி ஒரு பெரிய வளைவு வருவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு வைத்தது மாதிரித் தெரியும். கிரேனின் கை திரும்புவதற்காக விட்ட இடம் அது.

1846 ஜூலை 30 அன்று விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் வந்து திறந்துவைத்தார். அதனால்தான் அந்தப் பெயர். அன்று கிடங்கு வேலை முழுதாக முடியவில்லை, மறு ஆண்டில்தான் முடிந்தது. மொத்தம் சுமார் 2 கோடியே 30 லட்சம் செங்கற்கள். 1848இல் தண்ணீர் அழுத்தத்தில் இயங்கும் பளுதூக்கிகள் வந்தன. வில்லியம் ஆம்ஸ்ட்ராங் நியூகாசிலில் அப்படியொரு கிரேனை ஓட்டிக்காட்டி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை கயிறும் கப்பியும் மனிதத் தோளும்தான். கப்பலை இறக்கி ஏற்றும் நேரம் ஏறத்தாழ பாதியானது. வணிகருக்கு இதைவிட இனிப்பான சேதி என்ன இருக்கிறது?

இருந்தது, ஒன்று. சுங்கம். தேயிலை, புகையிலை, சாராயம், சர்க்கரை எல்லாவற்றுக்கும் இறக்குமதி வரி கடுமை. சுங்கத்துறையின் பூட்டுக்குள் இருக்கும் கிடங்கில் சரக்கை வைத்தால், வெளியே எடுக்கும் நாளில் வரி கட்டினால் போதும். வேறு நாட்டுக்கு மறுபடி அனுப்பினால் வரியே இல்லை. விலை ஏறும்வரை காத்திருக்கலாம், கிடங்கில் இருக்கும்போதே சரக்கைக் காகிதத்தில் கைமாற்றலாம். ஆனால் அரசு இதற்கு ஒப்புக்கொள்ள வேண்டுமானால் அந்த இடம் திருடனுக்கும் தீக்கும் எட்டாததாக இருக்க வேண்டும். டாக்குகளை ஒட்டிச் சாலையோரம் ஹார்ட்லி எழுப்பிய உயர்ந்த மதில் அதற்காகத்தான். வாயில்களில் கோட்டைக் கொத்தளம் மாதிரி கிரானைட் தூண்கள், அவற்றுக்குள் சறுக்கி மறையும் கதவுகள். பார்ப்பவர்கள் கோட்டை என்று நினைப்பதில் தப்பே இல்லை. வரி கட்டாத சரக்கைக் காக்கும் கோட்டைதான் அது.

இங்கே ஒரு பொதுவான தவறைத் திருத்த வேண்டும். லிவர்பூல் என்றாலே பஞ்சு, ஆகவே ஆல்பர்ட் டாக் நிறையப் பஞ்சு என்று பலர் எழுதுகிறார்கள். பஞ்சுக்கு இருந்த இறக்குமதி வரி 1845இல் எடுபட்டுவிட்டது. வரி இல்லாத சரக்குக்குச் சுங்கப் பூட்டு எதற்கு? ஆகவே பஞ்சுப் பொதிகளில் பெரும்பகுதி ஊருக்குள் இருந்த தனியார் கிடங்குகளுக்கே போனது. அங்கே பொதியைக் கீறி ஒரு பிடி மாதிரி எடுத்து, தரகர் அலுவலகத்தில் வெளிச்சத்தில் விரித்து, இழையின் நீளத்தையும் நிறத்தையும் பார்த்து விலை பேசுவார்கள். நல்ல வெளிச்சம் வேண்டும் என்ற தேவை அலுவலகக் கட்டடங்களையே மாற்றியது. 1864இல் பீட்டர் எல்லிஸ் கட்டிய ஓரியல் சேம்பர்ஸ், முகப்பு முழுக்கக் கண்ணாடியாக வந்தது. அந்தக் காலத்துப் பத்திரிகைகள் அதைக் கேலி செய்தன. இன்று கட்டடக்கலை மாணவர்கள் அதைப் பார்க்கவென்றே போகிறார்கள்.

பஞ்சு என்றதும் அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் போக முடியாது. பெரும்பகுதி அமெரிக்கத் தெற்கிலிருந்து, அடிமைகள் விளைவித்தது. லிவர்பூல் கப்பல்கள் 1807வரை 5,000 அளவில் அடிமை வணிகப் பயணங்கள் செய்தவை. நான் மேலே சொன்ன கோரீ கிடங்குகளுக்கே செனகல் கரையோர அடிமைத்தீவு ஒன்றின் பெயர்தான். அந்தக் கிடங்குகளில் அடிமைகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு, அது உண்மை இல்லை. லிவர்பூல் கப்பல்கள் ஆப்பிரிக்காவில் ஏற்றிய மக்களை அட்லாண்டிக்குக்கு அப்பால் இறக்கிவிட்டு, சர்க்கரையும் புகையிலையும் பஞ்சுமாகத் திரும்பி வந்தன. விக்டோரியா காலக் கிடங்குகள் எழும்போது பிரிட்டனில் அடிமை முறை சட்டப்படி முடிந்துவிட்டது. ஆனால் 1865வரை கிடங்குக்குள் வந்த அமெரிக்கப் பஞ்சில் அந்த உழைப்பு இருந்தது. நாங்கள் நிறுத்திவிட்டோம் என்று ஊர் சொல்லிக்கொண்டாலும், கணக்குப் புத்தகம் வேறு மாதிரிச் சொல்லும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் வெடித்ததும் பஞ்சு நின்றது. லங்காஷயர் ஆலைகள் மூடின, நெசவுத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். அதே நேரம் கிடங்கில் பழைய பஞ்சைப் பிடித்து வைத்திருந்தவர்கள் விலை ஏறியதில் கொழுத்தார்கள். அப்போதுதான் இந்தியப் பஞ்சு பெரிய அளவில் வந்தது. சூரத் பஞ்சு குட்டை இழை, குப்பை அதிகம் என்று நூற்பாளர்கள் திட்டித் தீர்த்தார்கள். லங்காஷயர் பேச்சில் 'சூரத்' என்பது மட்டமான பொருளுக்கே பெயராகிவிட்டது. லிவர்பூல் தரகர்களின் விலைப்பட்டியல்களில் இன்னொரு பெயரும் உண்டு: டின்னவெல்லி. நம் திருநெல்வேலிதான். தூத்துக்குடி வழியாகக் கப்பலேறிய கரிசல்காட்டுப் பஞ்சு. அந்த நாலு வருடத்தில் அங்கே பஞ்சு விலை தாறுமாறாக ஏறியது, போர் முடிந்ததும் அதே வேகத்தில் விழுந்தது. லிவர்பூல் சந்துக் கிடங்கு ஒன்றின் மூன்றாம் மாடியில் கோவில்பட்டிப் பக்கத்துப் பொதி ஒன்று கிடந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

இன்னொரு சின்னத் தகவல்: இந்தியாவில் ஆங்கிலேயர்கள் கிடங்கை 'கோடவுன்' என்றார்கள். அந்தச் சொல் மலாய் மொழியின் 'குடாங்' வழியாக வந்தது, அதன் வேர் தமிழ் 'கிடங்கு' அல்லது தெலுங்கு 'கிட்டங்கி' என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் பலர் கருதுகிறார்கள். லிவர்பூலில் மட்டும் அது ஒட்டவே இல்லை.

சரி, ஹார்ட்லியின் கட்டடங்களில் ஒரு பெரிய குறை இருந்தது. கப்பல். ஆல்பர்ட் டாக்கை அவர் வடிவமைத்தது 1,000 டன் வரையிலான பாய்மரக் கப்பல்களை மனதில் வைத்து. வாயில் அகலம் 45 அடி. அது திறந்த சில பத்தாண்டுகளிலேயே நீராவிக் கப்பல்கள் பெருத்துவிட்டன, உள்ளே நுழைய முடியவில்லை. அது மட்டும் இல்லை. தண்ணீர் விளிம்பிலேயே கிடங்கு நிற்பதால் துறையில் கை கால் வீச இடம் இல்லை. நீராவிக் கப்பல் சீக்கிரம் இறக்கிவிட்டுச் சீக்கிரம் கிளம்ப வேண்டும். அதற்கு அகலமான துறையும் தாழ்ந்த கொட்டகையும் ரயில் பாதையும்தான் வசதி. 1900 வாக்கில் லிவர்பூலுக்கு வந்த கப்பல்களில் பாய்மரம் 100க்கு 7தான். நூறு வருடம் நிற்க வேண்டும் என்று கட்டினார், கட்டடம் நின்றது, அதற்கான கப்பல்தான் நிற்கவில்லை.

இதற்கு இடையில் மற்றக் கிடங்குகள் வந்தன. வாப்பிங் டாக்கில் 1856இல் ஹார்ட்லியின் நீளமான ஒன்று. 1857 சட்டப்படி துறைமுகம் நகர மன்றத்தின் கையிலிருந்து தனி வாரியத்துக்குப் போனது. துறைமுகத்தில் வசூலான காசை லிவர்பூல் ஊர்ச்செலவுக்கு எடுத்துக்கொள்கிறது என்று மான்செஸ்டர்க்காரர்கள் பல வருடம் போட்ட சண்டையின் பலன் அது. அப்புறம் 1860களில் துறைமுகப் பொறியாளர் ஜி. எஃப். லிஸ்டர் வாட்டர்லூ டாக்கில் தானியக் கிடங்குகளைக் கட்டினார். தானியத்தை மூட்டையில்லாமல் அப்படியே கொட்டி, வாளிச்சங்கிலியில் மேலே ஏற்றி, ஓடும் பட்டைகளில் தளம் தளமாக அனுப்பும் ஏற்பாடு. இன்று எந்தத் துறைமுகத்திலும் பார்க்கும் கன்வேயர் பெல்ட்டுக்கு இது முன்னோடிகளில் ஒன்று. மூன்று கட்டடங்களில் ஒன்றுதான் மிச்சம்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ஸ்டான்லி டாக் புகையிலைக் கிடங்கு. 14 தளம், சுமார் 2 கோடியே 70 லட்சம் செங்கல், 30,000 கண்ணாடிச் சில்லு, 8,000 டன் எஃகு. விக்டோரியா இறந்த 1901இல் வேலை முடிந்தது. உலகின் மிகப் பெரிய செங்கல் கிடங்கு என்று சொல்வது இதைத்தான். ஆனால் உள்ளே போனால் ஏமாற்றமாக இருக்கும், கூரை தலையில் இடிப்பது போல ஏழு அடி அளவில்தான். 1,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள புகையிலைப் பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்க முடியாது. ஒரு பீப்பாய் உயரத்துக்கு ஒரு தளம் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

இந்தச் சுமையைத் தூக்கியவர்களைப் பற்றிக் கட்டடப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. 1840களின் அயர்லாந்துப் பஞ்சத்தில் தப்பி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் துறையில் சேர்ந்தார்கள். வேலை அரைநாள் கணக்கு. காலையில் கூட்டமாக நிற்க வேண்டும், மேஸ்திரி தோளைத் தட்டினால் கூலி, தட்டாவிட்டால் மதியம் மறுபடி வந்து நிற்க வேண்டும். அந்த முறை 1967வரை முழுதாக ஒழியவில்லை. 1911 கோடையில் ஊரே வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அரசு மெர்சி ஆற்றுக்குப் போர்க்கப்பலை அனுப்பியது, படையினர் சுட்டதில் இருவர் இறந்தார்கள்.

இனி, எப்படி நிற்கின்றன என்ற கேள்வி. 1941 மே மாதக் குண்டுவீச்சில் ஆல்பர்ட் டாக்கும் வாப்பிங்கும் அடிபட்டன, ஆனால் மொத்தமாக விழவில்லை. போருக்குப் பிறகு ஆல்பர்ட் டாக்கால் யாருக்கும் உபயோகம் இல்லை. 1972இல் மூடினார்கள். தூர்வாராமல் விட்டதில் குளம் சேற்றால் நிரம்பியது. இடித்துவிட்டுக் கோபுரம் கட்டும் திட்டங்கள் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்து போயின. இதில்தான் அந்த வேடிக்கை: வணிகத்துக்குச் சீக்கிரமே உதவாமல் போனதால் யாரும் அதை மாற்றிக்கட்டவில்லை, ஊர் நலிந்து கிடந்ததால் இடிக்கவும் காசு இல்லை. லிவர்பூல் செழிப்பாகவே இருந்திருந்தால் ஆல்பர்ட் டாக் இன்று படத்தில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. 1981இல் அரசு அமைத்த வளர்ச்சிக் கழகம் சேற்றை வாரி, கட்டடங்களைச் செப்பனிட்டது. 1988இல் டேட் கலைக்கூடத்தின் கிளையோடு மறுபடி திறந்தது. கடல்சார் அருங்காட்சியகம் ஒரு கட்டடத்தில் இருக்கிறது, அதே கட்டடத்தில் 2007இல் அடிமை முறை பற்றிய அருங்காட்சியகமும் வந்தது.

2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது, 2021இல் பறிபோனது. வடக்கு டாக்குகளில் திட்டமிட்ட உயர்ந்த கட்டடங்களும் பிராம்லி-மூர் டாக்கில் எவர்ட்டன் கால்பந்து மைதானமும் காரணம். அந்த டாக்கை மணலால் நிரப்பித்தான் மைதானம் கட்டினார்கள், ஹார்ட்லியின் சுவர்களை இடிக்காமல் உள்ளேயே விட்டுவைத்து. ஊரில் இதைப் பற்றி இரண்டு கட்சி. நிரப்பியது சரி என்ற கட்சி நான். பல வருடமாக ஆள் நடமாட்டமே இல்லாத மதிலுக்குப் பின்னால் கிடந்த தண்ணீரைப் பார்க்க யார் போனார்கள்? புகையிலைக் கிடங்கிலும் நடுவில் பெரிய பகுதியைக் குடைந்து முற்றமாக்கினார்கள். அவ்வளவு ஆழமான கட்டடத்தின் நடுவுக்கு வெளிச்சம் போகாது என்பதால், வீடுகளாக்க வேறு வழி இல்லை.

நேரில் போகும் வாய்ப்பு வந்தால் ஆல்பர்ட் டாக்கோடு நின்றுவிடாதீர்கள். டியூக் தெரு, பார் தெரு பக்கம் தலையை நிமிர்த்தி நடங்கள். கூரை முக்கோணத்துக்குச் சற்றுக் கீழே சுவரைவிட்டு நீட்டிக்கொண்டு ஓர் உத்தரமும், அதற்கு நேர்கீழே மாடிக்கு ஒன்றாக, படியே இல்லாத கதவுகளும் ஒரே கோட்டில் தெரிந்தால், கீழே என்ன மதுக்கடை நடந்தாலும் சரி, அது கிடங்காகப் பிறந்த கட்டடம்தான்.